பூச்சி வருவதற்கு முன்

செம்பனையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் ஒரே சமயத்தில் வராது. சில மாதம் மரம் பெண் பூவாகவே தள்ளும், அப்புறம் சில மாதம் ஆண் பூவாகவே தள்ளும். அதனால் ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் குலை பிடிக்கும். 1981 வரைக்கும் மலேசியாவின் இளஞ்செம்பனைக் காடுகளில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மனிதக் கை. எங்கள் தோட்டத்தில் அது தமிழ்ப் பெண்களின் கை.

நான் அந்தப் பெண்களுக்குக் கண்டக்டராக இருந்தவன். விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிட்டு, மண்டோரிடம் ஆளைப் பிரித்துக் கொடுத்து, பகலெல்லாம் காட்டில் சுற்றி, மாலையில் செக்ரோலில் பேர் போடுகிற உத்தியோகம். தோட்டம் குளுவாங்கிலிருந்து காஹாங் போகிற பக்கம். பெயரைச் சொல்லப் போவதில்லை. கம்பெனி கைமாறிப் பெயர்ப்பலகையும் மாறிவிட்டது. பின்னால் சொல்லப்போகிற சில விஷயங்களுக்குப் பெயர் இல்லாமலிருப்பதும் நல்லதுதான். தொண்ணூறுகளின் நடுவில் அங்கிருந்து கிளம்பிப் பாசிர் கூடாங் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளுக்குக் காவலாக வந்து சேர்ந்தேன். அதே செம்பனை எண்ணெய்தான். மரமும் மண்ணும் இல்லை, அட்டையும் கொசுவும் இல்லை, பேசுவதற்கு ஆளும் அதிகம் இல்லை.

போன ஆண்டு குளுவாங்கில் ஒரு கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு நான் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போதே, கல்யாணத்துக்காக மட்டும் இவ்வளவு சீக்கிரம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

தோட்டத்து வாசலில் காவலுக்கு நேப்பாளி ஜாகா. அடையாள அட்டையை வாங்கிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டார். யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. "டுலு கெர்ஜா சினி" என்றேன், முன்னால் இங்கே வேலை செய்தவன் என்று. அந்தப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு இளைஞர் வந்து இறங்கினார். தோட்டத்தின் சின்னத் துரை அவர்தானாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சின்னத் துரை என்றால் வெள்ளை அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை ஏறிய காலுறையும் கண்ணுக்கு வரும். இந்தச் சின்னத் துரை சிகாமட்டுத் தமிழ்ப் பையன். "வாங்க அங்கிள், சுத்திக் காட்டுறேன்" என்றார். எனக்கு இந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட ஒருவர் வருவார் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

பழைய வேலையிடத்துக்குத் திரும்பிப் போகிற ரயில்வேக்காரருக்கு ஒரு ஸ்டேஷன் மேடையாவது மிஞ்சியிருக்கும். வாத்தியாருக்குப் பள்ளிக்கூடச் சுவர் இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவனுக்கு அந்த வசதி கிடையாது. மரத்தின் ஆயுள் இருபத்தைந்து வருஷம். அதற்குமேல் மரம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும், குலை அறுக்கக் கட்டுப்படியாகாது. மண்வாரி இயந்திரத்தால் தள்ளிச் சாய்த்து, நறுக்கி, அதே மண்ணிலேயே மக்க விட்டுவிட்டுப் புதுக் கன்று வைப்பார்கள். நான் பார்த்து வளர்ந்த மரங்கள் நான் வேலையை விட்டுக் கொஞ்ச காலத்தில் சாய்ந்துவிட்டன. அவற்றுக்குப் பின் வந்தவையும் இப்போது சாய்ந்துகொண்டிருக்கின்றன. காட்டுக்குப் பேர் வைப்பதே நட்ட வருஷத்தை வைத்துத்தான். "எழுபத்தி நாலாம் காடு எந்தப் பக்கம் தம்பி?" என்று நான் கேட்டதும் பையன் விழித்தார். அவரிடம் இருக்கிற கணக்கில் அப்படி ஒரு காடே இல்லை. ஓடையும் மேடும் காட்டி விளக்கிய பிறகு, "ஓ, இருபத்தொண்ணா!" என்றார்.

லயம் இருந்த இடத்தில் வரிசையாகச் செங்கல் வீடுகள். வாசலில் காய்கிற துணிகளைப் பார்த்தால் வங்காளதேசத்து ஆண்கள் தனியாக இருக்கிறார்கள் என்று தெரியும். ஆயாக் கொட்டகை இல்லை. பிள்ளைகள் இல்லாத இடத்தில் ஆயாவுக்கு என்ன வேலை? மாரியம்மன் கோயில் இருக்கிறது, வர்ணம் புதிது. தீமிதிக்கு ஜொகூர் பாருவிலிருந்தும் மாசாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பழைய ஆட்கள் காரில் வந்து இறங்குகிறார்களாம். ஆபீஸ், ஸ்டோர், உரக் கொட்டகை எல்லாவற்றையும் வேகமாகப் பார்த்து முடித்தோம். சொல்வதற்கு அங்கே ஒன்றுமில்லை.

நின்று பார்க்க வேண்டியதாக இருந்தது அந்த இருபத்தொன்றாம் காடுதான். மரங்கள் இடுப்பு உயரத்தில்தான் காய்க்கத் தொடங்கியிருந்தன. மட்டைகளை விலக்கிப் பார்த்தேன். ஒரு மரத்தில் பாளை பிளந்த பெண் பூ, அடுத்ததிலும் பெண் பூ, அதற்கடுத்ததிலும். குனிந்து குனிந்து ஒரு நெரை முழுக்க நடந்தும் ஆண் பூ ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. கீழே பிடித்திருந்த குலைகளில் ஒரு பக்கம் காய், மறுபக்கம் கருகிய முள். சில குலைகள் மரத்திலேயே அழுகியிருந்தன.

"பூச்சி போதலையா?" என்று கேட்டேன்.

பையன் நிமிர்ந்து பார்த்தார். "எப்படித் தெரியும் அங்கிள்?"

எப்படித் தெரியும் என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்ல சாதிக் கன்று காய்ப்புக்கு வரும்போது முதல் இரண்டு மூன்று வருஷம் பெண் பூவாகவே கொட்டும். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் தூள் கொடுக்க ஆண் பூ இருக்காது. மலாயா வந்த செம்பனைக்கு இன்னொரு குறையும் இருந்தது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நாலு கன்றுகள் வந்தன. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாரத்தில் முதல் வணிகத் தோட்டத்தைப் போட்டார். எங்கள் ஜொகூரில் உலு ரெமிஸ் போன்ற தோட்டங்கள் அதற்குப் பின்னால் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது, அங்கே அதன் பூவோடு பிழைத்த பூச்சி கூட வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. புத்தகம் எழுதியவர்கள் ஜொகூரின் மழை மாதங்களில் காட்டுக்குள் நின்று பார்த்தவர்களாக இருக்க முடியாது. நவம்பர், டிசம்பரில் தூள் நனைந்து ஆண் பூவிலேயே களியாகிக் கிடக்கும்.

எங்கள் வேலை அந்தத் தூளிலிருந்து தொடங்கும். வளர்ந்த காட்டில் மலர்ந்த ஆண் பூவாகத் தேடிப் பையைக் கட்டி வெட்டி எடுத்து வருவார்கள். விரல் விரலாக நீட்டிக்கொண்டு, மஞ்சள் பூத்து, சோம்பு வாசனை அடிக்கும். அதைத் தாள் விரித்து உதிர்த்தால் ஒரு நல்ல பூவில் முப்பது, நாற்பது கிராம் தேறும். மெல்லிய சூட்டில் காயவைத்து, சலித்து, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு போத்தலில் அடைத்து உறைபெட்டியில் வைக்க வேண்டும். மகரந்தத்துக்கு ஈரம்தான் எமன். சூடு கூடினாலும் செத்துவிடும், ஆனால் செத்த தூளும் உயிருள்ள தூளும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். காட்டுக்குப் போகிற அன்று டால்க் பவுடரோடு கலந்து, மூக்கு நீண்ட பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பிக் கொடுப்போம். போத்தலை அழுத்தினால் புகை மாதிரி வரும். மரம் உயர்ந்துவிட்டால் நீளக் குழாய் மாட்டிக்கொள்வார்கள். மறுகையில் ஒரு கம்பிக் கொக்கி, பாளையைப் பிளந்து விலக்க.

பெண் பூ தூளை ஏற்கிற காலம் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அந்த நாளில் சூல்முடி மூன்றாகப் பிரிந்து, பால் வெளுப்பில், தொட்டால் பிசுபிசுக்கும். தவறினால் ஊதா ஏறி, அப்புறம் கறுத்துப்போகும். கறுத்த பூவுக்குத் தூள் போட்டு ஒரு புண்ணியமும் இல்லை. அதனால் ஒவ்வொரு மரத்தையும் மூன்று நாளைக்கு ஒரு தடவை பார்த்தாக வேண்டும். ஏக்கருக்கு 55-லிருந்து 60 மரம். மரத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் எட்டிப் பார்த்து, திறந்திருந்தால் தூள் போட்டு, மட்டையடியில் சுண்ணக்கட்டியால் தேதி எழுதிவிட்டு அடுத்த மரம். மட்டைக் காம்பு முழுக்க முள். கையில் பழைய காலுறையை வெட்டி மாட்டிக்கொள்வார்கள், அப்படியும் முள் ஏறும். வெட்டிப் போட்ட மட்டைக் குவியலில் நாகம் படுத்திருக்கும். பூவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, தீபாவளி தெரியாது. தீபாவளிக்கு மறுநாள் ஆள் சேர்ப்பதுதான் என் உத்தியோகத்திலேயே கஷ்டமான காரியம்.

செக்ரோலில் இது 'பொது வெளிக்காட்டு வேலை'. துரைமார் கணக்கில் லேசான வேலை. பொம்பளைகள் போத்தலை அழுத்திக்கொண்டு நடக்கிறார்கள், அவ்வளவுதானே. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கும்பலில் மூத்த அக்கா ஒருவரோடு சில நெரை நடந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடிக்கொண்டிருப்பேன். அவர் எட்ட நின்றபடியே குருத்தைப் பார்ப்பார், கண்ணாலேயே கீழே இறங்குவார், பதினேழாவது, பதினெட்டாவது மட்டையில் கண் நிற்கும். அங்கேதான் பாளை பிளந்திருக்கும். பூ மலர்கிற மட்டை ஏறக்குறைய அந்த எண்ணிக்கையில்தான் வரும் என்று எனக்குத் தோட்டப் புத்தகம் சொல்லித் தெரியும். அவருக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது. சில மரங்களில் அந்த நோட்டமும் இல்லாமல், காற்று வீசுகிற பக்கம் முகத்தைத் திருப்பி, "அந்தாண்ட பூத்திருக்கு ஐயா" என்பார். பெண் பூவுக்கும் அந்தச் சோம்பு வாசனை உண்டு, ஆண் பூவைவிட மெல்லிசாக. என் மூக்குக்கு அது கடைசி வரை பிடிபடவில்லை.

வேலை சரியாக நடந்ததா என்பது அன்றைக்குத் தெரியாது. தூள் பட்டதிலிருந்து பழுக்க ஐந்து, ஆறு மாதம் ஆகும். குலை அறுத்துச் சாலையோரம் அடுக்கும்போது பார்த்தால் தெரிந்துவிடும், எந்த நெரையில் யார் ஓட்டமாக ஓடியிருக்கிறார்கள் என்று. தூள் படாத பக்கத்தில் காய் சுண்டி, உள்ளே பருப்பில்லாமல் கிடக்கும். அந்த மூத்த அக்காவின் நெரைக் குலைகள் தனியாகத் தெரியும். ஆலை லாரிக்காரனே கேட்பான், இது யார் நெரை என்று. அதற்காக அவருக்கு ஒரு காசு கூடுதலாக வந்தது கிடையாது. நாள் சம்பளம் எல்லாருக்கும் ஒன்று.

இனிப் பூச்சியின் கதை. இது எங்கள் வட்டாரத்தின் கதை என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யூனிலீவர் கம்பெனியின் தோட்டங்களில் வேலை பார்த்தவர். 1950-களில் ஆப்பிரிக்காவின் கெமரூனில் இருந்தபோது செம்பனைப் பூவை நுணுக்கமான பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்திருக்கிறார். பிறகு சபாவுக்கு மாற்றலாகி வந்தால், இங்கே பூவில் பூச்சி இல்லை, காய்ப்பிடிப்பும் இல்லை, ஆட்களை வைத்துக் கையால் தூள் போடுகிறார்கள். காற்று என்கிற கதையை அவர் நம்பவில்லை. ஆனால் தோட்டத்து மேனேஜர் சொன்னால் எந்த விஞ்ஞானி கேட்பார்? எழுபதுகளில் கம்பெனியின் தோட்டப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பில் அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் காரியம் நடந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையத்தைக் கெமரூனுக்கு அனுப்பினார்கள். காற்று புகுந்து பூச்சி புகாதபடி உறை போட்டும், உறையில்லாமல் விட்டும் பார்த்து, மகரந்தத்தைக் கொண்டுபோவது பூச்சிதான் என்று சையத் நிரூபித்தார். அங்கே ஒரே குடும்பத்துப் பூச்சிகள் பல இருந்தன. அவற்றில் மழையிலும் வெயிலிலும் சளைக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், எலெய்டோபியஸ் கெமருனிகஸ் என்ற கூன்வண்டு. நீளம் மூன்று, நாலு மில்லிமீட்டர்தான்.

வெளிநாட்டுப் பூச்சியை உள்ளே விடுவது விளையாட்டில்லை. ரப்பர், நெல், பழமரம் என்று எதையாவது தின்னத் தொடங்கினால் நாடு தாங்காது. 1980-இல் கொண்டுவந்து, அடைத்து வைத்து, வேறு பயிர்களில் விட்டுப் பார்த்து, செம்பனை ஆண் பூவைத் தவிர எதிலும் அது பிழைக்காது என்று உறுதியான பிறகு, 1981 பிப்ரவரியில் குளுவாங்கில் யூனிலீவரின் பாமோல் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள். அது பரவத் தொடங்கியது அங்கிருந்துதான். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்தோனேசியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் போய்விட்டது. பாமோலை 2003-இல் ஐ.ஓ.ஐ. குழுமம் வாங்கிவிட்டது. வண்டை யாரும் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

வண்டு நமக்காக உழைக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மலர்ந்து ஓய்ந்த ஆண் பூவில் முட்டையிட்டு, அதிலேயே புழுவாகி, இரண்டு வாரத்துக்குள் வண்டாகி வெளியே வரும். வாழ்வது, தின்பது, குடும்பம் நடத்துவது எல்லாம் ஆண் பூவில். பெண் பூ அதே சோம்பு வாசனையை விட்டு ஏமாற்றும். ஆண் பூ என்று நினைத்து வண்டு உடம்பெல்லாம் தூளோடு வந்து இறங்கி, ஒன்றுமில்லை என்று கண்டு பறந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் காரியம் முடிந்திருக்கும். இதை அந்த மூத்த அக்காவிடம் விளக்கினேன். "அப்ப இதுவும் சம்பளம் இல்லாத வேலைதானா?" என்றார்.

எங்கள் தோட்டத்துக்கு வண்டு லாரியில் வந்தது. வண்டு ஏறிய ஆண் பூக்களை வெட்டிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். காட்டுக்கு ஒன்றாக மட்டையில் கட்டித் தொங்கவிடச் சொன்னார்கள். நானும் கும்பலும்தான் கட்டினோம். பெண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல அடுத்த மரத்துக்குத் தூள் போடப் போய்விட்டார்கள். சில மாதத்தில் குலைகள் கனக்கத் தொடங்கின. அறுப்புக்காரர்களுக்கு ஒரு குலையைத் தூக்க முன்னைவிட முக்கல் கூடியது. குலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலாக இருந்த காய்ப்பிடிப்பு முக்கால் பங்கை எட்டியது. ஆலைக்காரர்கள்தான் திண்டாடிப் போனார்கள். நெருக்கமாகக் காய் பிடித்த குலை ஆவியில் சரியாக வேகாது, உதிராது. பருப்பு எதிர்பாராத அளவுக்குக் குவிந்தது, அதை உடைக்க ஆலை பற்றவில்லை. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் காலைப் பெரட்டில், இனித் தூள் வேலை கிடையாது என்று பெரிய துரை சொன்னார். உறைபெட்டியைக் காலி செய்து துரை பங்களாவுக்குத் தூக்கிப் போனார்கள், பீர் வைக்க.

வண்டை நான் குறை சொல்ல மாட்டேன். முள்ளிலும் வெயிலிலும் மூன்று நாளைக்கு ஒரு தடவை அதே காட்டைச் சுற்றுவது யாரும் ஆசைப்படுகிற பிழைப்பில்லை. நாடு முழுக்க மகசூல் ஏறியது, அதற்கு வண்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு இன்றைக்கும் செரிக்காதது அந்தக் கும்பலை அடுத்து என்ன செய்தார்கள் என்பது. தூள் போத்தலை வாங்கிக்கொண்டு, முதுகில் மருந்துப் பம்பை மாட்டினார்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்து. பெண்கள் சும்மா இருக்கக் கூடாது, நிதானமாக நடக்கத் தெரிந்தவர்கள், மரத்தில் மருந்து படாமல் அடிப்பார்கள். காரணம் நன்றாகத்தான் இருந்தது. கையுறை வந்தது, கிழிந்தது, திரும்ப வரவில்லை. முகத்தை மூடத் துண்டு. பம்பு ஒழுகி முதுகு நனையும். நகம் கறுத்து உரிந்ததையும், மூக்கில் ரத்தம் வந்ததையும் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆபீசில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பாராகுவாட் என்கிற அதன் பெயரை நான் செய்தித்தாளில் பார்த்தது வெகு காலம் கழித்து. தோட்டப் பெண்கள் படும் பாட்டைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் அந்த மருந்துக்குத் தடை சொன்னது, 2006-இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. எங்கள் கும்பலில் பாதிப்பேர் அதற்குள் தோட்டத்தையே விட்டுப் போய்விட்டார்கள், பிள்ளைகள் வேலை தேடிப் போன தாமான் குடியிருப்புகளுக்கு.

அவர்கள் போனபோது கூடவே போனது ஒரு கண். எந்த மட்டையில் எப்போது பூ திறக்கும், எது இன்றைக்குத் தூள் வாங்கும், எது நாளைக்கு, எது முடிந்துவிட்டது என்று எட்ட நின்றே சொல்கிற கண். உரக் கணக்கு, மழைக் கணக்கு, எலிக் கணக்கு எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் புத்தகம் இருந்தது, இதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. எழுதி வைக்கும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. எழுத வேண்டிய வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை.

சின்னத் துரை இவ்வளவையும் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கேட்டார். அப்புறம் அவர் கதையைச் சொன்னார். புதுச் சாதிக் கன்றுகள் மகசூலுக்காகவே பொறுக்கி எடுத்தவை, பெண் பூ அதிகம். சுற்றுவட்டாரத்தில் ஒரே சமயத்தில் பெரிய பரப்பைச் சாய்த்து நட்டதால் பக்கத்தில் பழைய மரம் இல்லை. ஆண் பூ இல்லாத இடத்தில் வண்டு எங்கே குடும்பம் நடத்தும்? இருக்கிற கொஞ்சத்தில் புழுவை எலி தோண்டித் தின்கிறது. எலிக்காகக் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறார்கள், எனக்கும் காட்டினார். எல்லா வண்டும் ஆதியில் வந்த கொஞ்சத்தின் வாரிசுகள்தான், வம்சம் நலிந்துவிட்டதோ என்று சிலருக்குச் சந்தேகமாம். அதற்கு நான் கருத்துச் சொல்லவில்லை, அது படித்தவர்கள் பாடு.

அவரிடம் ஒரு யோசனை இருந்தது. இந்தோனேசியத் தோட்டங்களில் செய்கிறார்களாம். பழைய காட்டிலிருந்து ஓய்ந்த ஆண் பூவை வெட்டி வந்து பெட்டியில் அடைப்பது. உள்ளே வண்டு பொரித்து வெளியே வருகிற வழியில் மகரந்தத் தூளைத் தூவி வைப்பது. தூள் பூசிக்கொண்டு பறக்கிற வண்டு நேராகப் பெண் பூவுக்குப் போகும். வண்டுக்கே நாம் பவுடர் போட்டு அனுப்புகிற மாதிரி. மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார். பெட்டி செய்தாயிற்று. சிக்கல் தூளில். ஆண் பூவை உதிர்த்துக் காயவைத்தார்கள், கட்டி கட்டியாகிப் போனது. இன்னொரு தடவை சூட்டைக் கூட்டினார்கள், தூள் நன்றாகத்தான் காய்ந்தது, காய்தான் பிடிக்கவில்லை.

"எத்தனை மணிக்குப் பூவை வெட்டுனீங்க?"

"காலையில, பெரட்டு முடிஞ்சதும்."

"பனியில வெட்டுனா அப்படித்தான் ஆகும். வெயில் ஏறி, தூள் தானா உதிர்ற நேரம் வெட்டணும். சூடு நாப்பதுக்கு மேல போகக் கூடாது. மெல்லிசாப் பரப்புங்க, மேல மேல கொட்டாதீங்க."

"டால்க் எவ்வளவு அங்கிள்?"

"நாங்க ஒண்ணுக்குப் பத்து போட்டோம். தூள் தட்டுப்பாடான மாசத்துல இருபது வரைக்கும் போயிருக்கு. அது வண்டுக்கு இல்ல, பூவுக்கு. வண்டுக்கு எவ்வளவுன்னு நீங்கதான் பாக்கணும்."

அவர் போனில் குறித்துக்கொண்டார். பிறகு, வண்டு பெருகுகிற வரைக்கும் இந்த ஒரு காட்டுக்கு மட்டும் கையாலேயே போட்டால் என்ன என்று கேட்டார். போடலாம், ஆனால் எந்தப் பூவுக்கு என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும் என்றேன். வங்காளதேசத்துப் பையன்கள் நாலு பேரை ஒதுக்கித் தர முடியும், சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை, நீங்கள் வருவீர்களா என்றார். எனக்கு அந்த மூக்கும் கிடையாது, அந்தக் கண்ணும் அரைகுறை. மூத்த அக்காவின் மகள் அம்மாவோடு கும்பலில் தூள் போட்டு வளர்ந்தவர். இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார். குளுவாங் தாமானில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், மறுநாள் கல்யாணத்தில் பார்க்கப்போகிற ஆள்தான். அங்கேயே நின்றபடி நம்பரைப் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தத் தோட்டத்துக்கா? மருந்துப் பம்பு வேலை இல்லையே?"

இல்லை, தூள் வேலை, பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று சொல்லி, போனைச் சின்னத் துரையிடம் கொடுத்தேன். அவர் "ஆன்ட்டி" என்று தொடங்கினார். மறுமுனையிலிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது.

"சொல்லித் தர்றதுக்குச் சம்பளம் தனி தம்பி. நாள் கணக்குப் பேச்சே வேணாம். வண்டி அனுப்புவீங்களா, நாங்களா வரணுமா?"